செயின்ட் கிட்ஸ் குடியுரிமை: பாஸ்போர்ட்டுக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு நாடு இருக்கிறதா?

நெய்தல்காரன்:

நண்பர்களே, விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். என் மச்சான் துபாயில் சொந்தத் தொழில் செய்கிறார். கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் கிட்ஸ் அண்ட் நீவிஸ் என்ற இரட்டைத் தீவு நாட்டின் குடியுரிமையை அவர் தலையில் கட்ட ஒரு ஏஜென்ட் ஒற்றைக்காலில் நிற்கிறார். பளபள காகிதத்தில் ஒரு கையேடு, அதில் கடற்கரை, தென்னை மரம், கோட் போட்ட ஒரு குடும்பம், அப்புறம் விசா இல்லாமல் போகக்கூடிய நாடுகளின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில். கட்ட வேண்டியது இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர், அதற்கு மேல் விசாரணைக் கட்டணம், வக்கீல் கட்டணம், அது இது என்று பட்டியல் நீள்கிறது.

விசா கணக்கை விடுங்கள், அது இணையத்திலேயே கிடைக்கிறது. முப்பத்திரண்டு பக்கக் கையேட்டில் நாட்டைப் பற்றி மொத்தமே அரைப் பக்கம்தான். ஐம்பதாயிரம் பேர் வாழும் இடமாம். நம் ஊர்ப் பக்கம் ஒரு நகராட்சிக்கே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அங்கே யார் ஆள்கிறார்கள்? இங்கிலாந்து ராஜா இன்னும் இருக்கிறாரா? வழக்கு என்று வந்தால் எந்தக் கோர்ட்? பணத்தை யார் அச்சடிக்கிறார்கள்? காசு கொடுத்து வாங்கியவனும் அங்கேயே பிறந்தவனும் சட்டத்தின் முன் ஒன்றா, இல்லை இரண்டாம் தரமா? நாளைக்கே ஆட்சி மாறி, வந்தவர் "முந்தையவர் கொடுத்தது செல்லாது" என்று பிடுங்கிவிட்டால் என்ன செய்வது?

ஏஜென்டிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் "நோ டென்ஷன் சார்" என்கிறார். அந்தப் பதிலில்தான் எனக்கு டென்ஷனே.

---

சார்ல்ஸ்டவுன் வாத்தியார்:

நீவிஸ் தீவில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சில ஆண்டுகள் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். குடியுரிமை எல்லாம் நான் வாங்கவில்லை, வேலை அனுமதிச் சீட்டோடு இருந்தேன். அதனால் விற்பவன் கண்ணும் எனக்கில்லை, வாங்கியவன் கண்ணும் இல்லை.

நாடு நிஜமானதுதான். 1983 செப்டம்பர் 19 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை. இரண்டு தீவும் சேர்த்து 261 சதுர கிலோமீட்டர். ராஜா இருக்கிறார், மூன்றாம் சார்ல்ஸ்தான் இன்றைக்கும் நாட்டின் தலைவர். அவர் சார்பில் கவர்னர் ஜெனரல், இப்போது இருப்பவர் டேம் மார்செல்லா லிபர்ட், 2023-ல் பொறுப்பேற்றார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ஆனால் ஆட்சி பிரதமரிடம். 2022 ஆகஸ்ட் தேர்தலில் தொழிலாளர் கட்சி ஜெயித்து டெரன்ஸ் ட்ரூ பிரதமரானார், டாக்டர் அவர். நாடாளுமன்றத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர் மொத்தம் 11 பேர்: செயின்ட் கிட்ஸுக்கு எட்டு, நீவிஸுக்கு மூன்று. ஆளுங்கட்சிக்கு ஆறு கிடைத்தால் ஆட்சி. பதினொன்று என்றதும் சிரிக்கத் தோன்றும், ஆனால் எம்.பி.யை மளிகைக்கடை வரிசையில் பார்த்து "என் தெரு விளக்கு எரியவில்லை" என்று நேருக்கு நேர் திட்டும் வசதி வேறெங்கே கிடைக்கும்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நீவிஸுக்குத் தனியாக ஒரு சட்டமன்றம், தனி அமைச்சரவை, தனி முதல்வர். செயின்ட் கிட்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது, மத்திய அரசுதான் அதற்கும் அரசு. நீவிஸ் சட்டமன்றம் கூடுவது சார்ல்ஸ்டவுனில் கடலோரமாக இருக்கும் ஒரு பழைய கல் கட்டடத்தின் மாடியில். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் பிறந்த வீடு என்று காட்டுவார்கள், கீழ்த்தளம் அருங்காட்சியகம். அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் கீழே ஹாமில்டன் படத்தோடு போட்டோ எடுப்பார்கள், மாடியில் பட்ஜெட் விவாதம் நடக்கும்.

அரசியல் சட்டத்தின் 113-வது பிரிவு நீவிஸுக்குப் பிரிந்து போகும் உரிமையே கொடுத்திருக்கிறது. இதையும் கையேட்டில் போட்டிருக்க மாட்டார்கள். 1998 ஆகஸ்ட் 10 அன்று அதற்காக வாக்கெடுப்பும் நடந்தது. சுமார் 62 சதவீதம் பேர் பிரியலாம் என்றார்கள், தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. மயிரிழையில் நாடு ஒன்றாக நின்றது. அதற்கு முன்பே அங்குவில்லா தீவு இந்தக் கூட்டே வேண்டாம் என்று 1967-ல் கலகம் செய்து, 1980-ல் முறையாகப் பிரிந்து பிரிட்டனோடு தங்கிவிட்டது. ஆக, இந்த நாட்டின் எல்லையே பேச்சுவார்த்தையில் நிற்கிற ஒன்று. இன்றைக்கும் நீவிஸில் டீக்கடைப் பேச்சு மாதிரி, ரம் கடைப் பேச்சில், பாஸ்போர்ட் விற்ற காசில் எங்கள் பங்கு எங்கே என்ற கேள்வி தவறாமல் வரும்.

நாட்டுப் படை உண்டு, சின்னது. காவல்துறைக்கு இன்னும் 'ராயல்' பட்டம். பள்ளிகள் பரவாயில்லை. பெரிய அறுவை சிகிச்சை என்றால் பணம் இருப்பவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள். கோர்ட், பணம் பற்றி வேறு யாராவது சொல்லுங்கள், தூக்கம் வருகிறது.

---

தீர்ப்புப் பிரியன்:

வாத்தியார் விட்ட இடத்திலிருந்து.

கோர்ட் விஷயத்தில் உங்கள் மச்சான் நிம்மதியாக இருக்கலாம், காரணம் அது அந்த அரசாங்கத்தின் கையிலேயே இல்லை. கிழக்குக் கரீபியன் உச்ச நீதிமன்றம் என்று பல தீவுகளுக்கும் பொதுவான ஒன்று, தலைமையகம் செயின்ட் லூசியாவின் காஸ்ட்ரீஸில். மேல்முறையீட்டு அமர்வு தீவு தீவாகப் பயணம் போய் உட்காரும். நீதிபதிகளை நியமிப்பதும் அந்தந்த அமைச்சரவை அல்ல, எல்லோருக்கும் பொதுவான ஆணையம். இதற்கும் மேலே போனால் லண்டனில் உள்ள பிரிவி கவுன்சில். கரீபியன் நீதிமன்றம் என்று டிரினிடாடில் ஒன்று 2005 முதல் இருக்கிறது, பார்படாஸ், டொமினிக்கா, செயின்ட் லூசியா எல்லாம் தங்கள் கடைசி மேல்முறையீட்டை அங்கே மாற்றிக்கொண்டன, செயின்ட் கிட்ஸ் இன்னும் மாறவில்லை. விடுதலை வாங்கி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் கடைசித் தீர்ப்பு லண்டனிலிருந்து வருவது அவமானம் என்று ஒரு சாரார், நம்மவர்களைவிட அவனே தேவலை என்று இன்னொரு சாரார். எனக்கு முதல் கட்சி. ஆனால் முதலீட்டாளன் இரண்டாவது கட்சியாகத்தான் இருப்பான்.

இப்போது முக்கியமான கேள்வி, வாங்கியவனும் பிறந்தவனும் ஒன்றா என்பது. 1984-ஆம் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தில் 3(5) என்ற உட்பிரிவுதான் இந்த மொத்த வியாபாரத்துக்கும் விதை. நாட்டில் கணிசமாக முதலீடு செய்திருக்கிறார் என்று அமைச்சரவை திருப்தி அடைந்தால் ஒருவரைக் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது. அதே வாக்கியத்திலேயே ஒரு கொக்கி: அந்தப் பதிவு ஓட்டுரிமையைத் தானாகக் கொடுக்காது, வாக்காளர் தகுதிச் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படிதான். அதாவது பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு நேராக வாக்குச்சாவடிக்குப் போக முடியாது. பதினொரு தொகுதி, சில தொகுதிகளில் ஓட்டு வித்தியாசம் நூறுக்குள் என்றால், வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் ஆயிரக்கணக்கான புதுக் குடிமக்களுக்கு ஓட்டுக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கொக்கி வேண்டியதுதான்.

பிடுங்க முடியுமா? பொய் சொல்லியோ, மறைத்தோ, போலிக் காகிதம் கொடுத்தோ பதிவு வாங்கியிருந்தால் திரும்பப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. ஆட்சி மாறியது என்ற ஒரே காரணத்துக்காக மொத்தமாக ரத்து செய்ய முடியாது, அங்கேதான் மேலே சொன்ன கோர்ட் குறுக்கே நிற்கும். ஆனால் கடவுச்சீட்டு வேறு, குடியுரிமை வேறு. குடியுரிமை பதிவுச் சான்றிதழில் இருக்கிறது, பாஸ்போர்ட் அரசாங்கத்தின் சொத்து, அதை எந்த நாடும் திரும்பக் கேட்கலாம். செயின்ட் கிட்ஸே கேட்டிருக்கிறது. 2012 ஜனவரியிலிருந்து 2014 ஜூலை வரை கொடுத்த பாஸ்போர்ட்டுகளில் பிறந்த இடமே அச்சாகவில்லை. யார் எங்கே பிறந்தவர் என்று தெரியாமல் எப்படி உள்ளே விடுவது என்று மற்ற நாடுகள் முகம் சுளிக்க, அத்தனையையும் திரும்பப் பெற்று மாற்றிக் கொடுத்தார்கள்.

இன்னொரு கதை சொல்லாமல் விட முடியாது. டென்சில் டக்ளஸ் 1995 முதல் 2015 வரை அங்கே பிரதமர். குடியுரிமை விற்பனையைப் பெரிதாக வளர்த்ததே அவர் காலம்தான். பதவி போன பிறகு எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது டொமினிக்கா நாட்டின் தூதரகப் பாஸ்போர்ட் ஒன்றை வைத்துக்கொண்டு பயணம் செய்தார். அந்நிய நாட்டுக்குத் தன் செயலால் கட்டுப்பட்டவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறது என்று அரசு வழக்குப் போட்டது. 2019-ல் உயர் நீதிமன்றத்தில் டக்ளஸ் ஜெயித்தார், 2020 மார்ச்சில் மேல்முறையீட்டில் தோற்றார், தகுதியிழந்தவர் என்று தீர்ப்பு. ஊருக்கெல்லாம் இரண்டாவது பாஸ்போர்ட் விற்ற நாட்டில், பக்கத்துத் தீவு பாஸ்போர்ட்டால் முன்னாள் பிரதமருக்கே வில்லங்கம்! ஆள் அசரவில்லை, இப்போது வெளியுறவு அமைச்சர்.

இரட்டைக் குடியுரிமையை அந்த நாடு சாதாரண மக்களுக்குத் தடுப்பதில்லை, இது நாடாளுமன்றத்துக்குப் போகிறவர்களுக்கான விதி.

உங்கள் மச்சான் இந்தியக் குடிமகன் என்றால் பிரச்சினை அங்கே இல்லை, இங்கே. 1955 இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த நிமிடமே இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும். 'இரண்டாவது' பாஸ்போர்ட் என்று கையேடு சொல்வது அவருக்குப் பொருந்தாது, கையில் மிஞ்சுவது ஒன்றுதான். பழையதை ஒப்படைக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டு திரிந்தால் அபராதம், வழக்கு. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் ஓட்டும் கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. இதை ஏஜென்ட் சொன்னாரா?

---

நெய்தல்காரன்:

சொல்லவே இல்லை! "இந்தியப் பாஸ்போர்ட்டைப் பெட்டியில் பத்திரமா வச்சுக்குங்க" என்றாராம். இதை இன்று இரவே மச்சானிடம் சொல்கிறேன். பணம் அச்சடிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

கணக்குப்பிள்ளை:

வந்துவிட்டேன். அந்த நாட்டின் தலைநகர் பாஸ்டேரில்தான் கிழக்குக் கரீபியன் மத்திய வங்கியின் தலைமையகம் இருக்கிறது, ஆனால் அது அந்த நாட்டின் வங்கி மட்டுமல்ல. ஆறு சுதந்திர நாடு, அங்குவில்லா, மான்ட்செராட் என்ற இரண்டு பிரிட்டிஷ் பகுதி, ஆக எட்டுப் பேருக்கும் ஒரே நாணயம், கிழக்குக் கரீபியன் டாலர். ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976-ல் கட்டியது, இன்று வரை அவிழ்க்கவில்லை. உலகத்தில் எத்தனை நாணயம் இந்த ஐம்பது வருடத்தில் தலைகுப்புற விழுந்தது என்று பார்த்தால் இதன் அருமை தெரியும்.

அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பிரதமர் நினைத்தால் நோட்டு அடிக்க முடியாது, நாணய மதிப்பைக் குறைக்கவும் முடியாது. 1980-லேயே தனிநபர் வருமான வரியை வேறு எடுத்துவிட்டார்கள். அப்படியானால் அரசாங்கம் காசுக்கு எங்கே போகும்? முந்நூறு வருடத்துக்கு மேல் கரும்புதான் அந்தத் தீவு. நஷ்டத்துக்கு மேல் நஷ்டமாகி 2005-ல் சர்க்கரை ஆலையை மூடினார்கள், அதோடு அந்தத் தொழிலே முடிந்தது. கரும்பு ஏற்றிய குறுகிய பாதை ரயிலில் இன்று கப்பலில் வரும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் தீவைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அதற்கடுத்த வருடமே, ஆலைத் தொழிலாளிக்கு வேறு வழி காட்ட என்று சர்க்கரைத் தொழில் மாற்று நிதியம் ஒன்றைத் தொடங்கி, குடியுரிமை கேட்பவர்கள் அதில் நன்கொடை கட்டலாம் என்றார்கள். 1984-லிருந்து தூங்கிக்கொண்டிருந்த 3(5) பிரிவு அப்போதுதான் விழித்தது. 2011-ல் கடன் கழுத்தை நெரித்து ஐ.எம்.எஃப். என்ற சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில் நின்ற நாடு, பாஸ்போர்ட் வருமானம் கொட்டியதால் அந்தக் கடனைத் தவணைக்கு முன்பே அடைத்தது.

பிரச்சினை, இந்த வருமானம் மழை மாதிரி. பெய்தால் வெள்ளம், இல்லையென்றால் வறட்சி. 2017-ல் புயல் நிவாரண நிதி என்ற பெயரில் ஒன்றரை லட்சம் டாலருக்கு இறக்கினார்கள், 2018-ல் வளர்ச்சி நிதி, அதுவும் ஒருவருக்கு ஒன்றரை லட்சம், 2023 ஜூலையில் இரண்டரை லட்சத்துக்கு ஏற்றினார்கள், நேர்காணலும் கட்டாயமானது. விலை ஏறி, விசாரணை கடுமையானதும் விண்ணப்பம் குறைந்தது, பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது. ஒற்றை வருமானத்தை நம்பாதீர்கள் என்று ஐ.எம்.எஃப். வருடா வருடம் எழுதுகிறது, இவர்களும் வருடா வருடம் தலையாட்டுகிறார்கள்.

---

உப்புக்காற்று:

ஒருத்தரும் இதைக் கேட்கவில்லையே, நானே கேட்கிறேன். ஒரு நாட்டின் குடியுரிமையைக் காய்கறி மாதிரி விலை போட்டு விற்பது சரியா? பிறந்து வளர்ந்தவன் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போய்க் கஷ்டப்படுகிறான், அந்தத் தீவில் ஒரு ராத்திரி கூடத் தூங்காதவன் அந்நாட்டுக் குடிமகன் என்று ஐரோப்பாவைச் சுற்றி வருகிறான். நாற்றமடிக்கிற வியாபாரம் சார் இது.

---

சார்ல்ஸ்டவுன் வாத்தியார்:

உப்புக்காற்று, கோபம் நியாயம், அங்கே உள்ளவர்களுக்கும் அது உண்டு. என் பக்கத்து வீட்டு அம்மா, அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர், அமெரிக்காவில் இருக்கும் மகளைப் பார்க்க விசாவுக்காக பார்படாஸ் வரை போய் நேர்காணலில் நின்றவர். "நான் என் நாட்டில் பிறந்ததைக் காட்ட ஞானஸ்நானச் சீட்டு வரை தேடினேன், அவர்களுக்கு கூரியரில் போகிறது" என்பார். ஆனால் அதே அம்மாவின் பேரன் படிக்கும் பள்ளிக்குப் புதுக் கூரை எந்தக் காசில் வந்தது என்றும் அவருக்குத் தெரியும்.

பெரிய நாடுகளும் இதைத்தான் செய்கின்றன, குடியுரிமை என்று நேரே சொல்லாமல் முதலீட்டாளர் விசா என்று சுற்றி வளைத்து. கரும்பு விளைந்த காலத்தில் லாபம் லண்டனுக்குப் போனது, நாற்றம் என்று அப்போது எவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. இப்போது கையில் விற்க மிச்சமிருப்பது இறையாண்மை ஒன்றுதான், அதை விற்கிறார்கள். நல்லது என்று சொல்ல மாட்டேன். இதே வியாபாரம் செய்யும் ஐந்து கரீபியன் தீவு நாடுகள் ஒன்றோடொன்று விலையில் போட்டி போட்டு அடிமாட்டு விலைக்குக் கொண்டு வந்ததைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

---

தீர்ப்புப் பிரியன்:

அந்தப் போட்டிக்கு ஓரளவு முடிவு கட்டப் பார்த்தார்கள். 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டு, இரண்டு லட்சம் டாலருக்குக் கீழே யாரும் விற்பதில்லை என்றார்கள். செயின்ட் லூசியா மட்டும் கொஞ்சம் தாமதித்துச் சேர்ந்தது. 2025-ல் ஐந்துக்கும் பொதுவான ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சட்ட வரைவும் வந்தது, முதல் ஐந்து வருடத்தில் முப்பது நாளாவது அந்த மண்ணில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. உப்புக்காற்று கேட்ட ஒரு ராத்திரிக்குப் பதில் முப்பது ராத்திரி.

இதெல்லாம் திடீர் ஞானோதயம் என்று நினைக்க வேண்டாம், வெளியிலிருந்து வந்த அடி. 2014 மே மாதம் அமெரிக்க நிதித்துறை, இரான் மீதான தடைகளைத் தாண்ட செயின்ட் கிட்ஸ் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்று வங்கிகளுக்கு எச்சரிக்கை விட்டது. அதே வருடம் நவம்பரில் கனடா விசா இல்லாத வருகையை நிறுத்தியது. பாதிக்கப்பட்டது யார்? டொரன்டோவில் அக்கா வீட்டுக்குப் போகிற சாதாரண கிட்டிஷியன், அதாவது செயின்ட் கிட்ஸ்காரர். இன்று அமெரிக்க விசா கையில் இருந்தாலோ, கடந்த பத்து வருடத்தில் கனடா விசா வாங்கியிருந்தாலோ விமானத்தில் போகக் கொஞ்சம் சலுகை உண்டு, அவ்வளவுதான். 2023 ஜூலையில் பிரிட்டன் டொமினிக்காவுக்கு விசா போட்டது, காரணம் என்று நேராகவே குடியுரிமை விற்பனையைச் சொன்னார்கள். 2025 டிசம்பரில் அமெரிக்கா ஆன்டிகுவாவையும் டொமினிக்காவையும் பகுதிப் பயணத் தடைப் பட்டியலில் சேர்த்தது, அதற்கும் இதே காரணம். ஐரோப்பிய ஒன்றியமும் விசா விலக்கை நிறுத்தி வைக்கும் விதிகளில் இதை ஒரு காரணமாகவே எழுதிவிட்டது. செயின்ட் கிட்ஸுக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது விசாப் பகுதி) விலக்கு 2009 முதல் இருக்கிறது, பிரிட்டனுக்கு முன் அனுமதி மட்டும் எடுத்தால் போதும். ஆனால் இந்த வசதி எதுவும் செயின்ட் கிட்ஸ் கையில் இல்லை. உங்கள் மச்சான் காசு கட்டுவது பாஸ்டேரில், அதன் மதிப்பைத் தீர்மானிப்பது பிரஸ்ஸல்ஸும் லண்டனும்.

குற்றத்திலிருந்து தப்பவும் இது உதவாது. வங்கி மோசடி வழக்கில் இந்தியா தேடிய வைர வியாபாரி மெகுல் சோக்சி 2017-ல் ஆன்டிகுவா குடியுரிமை எடுத்தவர், இந்தியா கேட்டுக்கொண்டதன் பேரில் 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தில் கைதானார். உங்கள் மச்சானை அந்த வரிசையில் வைக்கவில்லை, கோபித்துக்கொள்ள வேண்டாம்!

---

நெய்தல்காரன்:

ஹா ஹா, அவர் வரி பாக்கி கூட வைக்காத ஆள். பேசிவிட்டேன். இந்தியக் குடியுரிமை போகும் என்றதும் ரொம்ப நேரம் பேச்சே இல்லை, அப்புறம் "அப்பா வாங்கின வயல் என் பேரில் இருக்கே" என்றார். அதோடு இன்னொரு விஷயமும் அவிழ்ந்தது. ஏஜென்ட் அவருக்கு மட்டும் தனியாக, ஹோட்டல் பங்கு வழியாகப் போனால் ஒன்றரை லட்சத்திலேயே முடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார், மீதிக் கணக்கை அவர் பார்த்துக்கொள்வாராம். இது எப்படி சாத்தியம்?

---

கணக்குப்பிள்ளை:

சாத்தியமே இல்லை, ஓடச் சொல்லுங்கள். இந்தத் தள்ளுபடி வித்தை பழையது. காகிதத்தில் சட்டப்படியான முழுத் தொகை, கையில் கட்டுவது பாதி, மீதியைக் கட்டடம் கட்டுபவரும் இடைத்தரகரும் தங்களுக்குள் கடன், கமிஷன் என்று சரிக்கட்டிவிடுவார்கள். மாட்டினால் ஏஜென்ட் மாட்ட மாட்டார். குறைந்தபட்ச முதலீடு செய்ததாகப் பொய்க் கணக்குக் காட்டிப் பதிவு வாங்கியவர் என்று உங்கள் மச்சான் பெயர்தான் கோப்பில் இருக்கும். மேலே தீர்ப்புப் பிரியன் சொன்னாரே, மறைத்து வாங்கினால் திரும்பப் பெறலாம் என்று, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

---

உப்புக்காற்று:

வயல் விஷயம் ஒன்று. ஏற்கெனவே பேரில் இருப்பதை ஓ.சி.ஐ. ஆனபின் வைத்துக்கொள்ளலாம், புதிதாக வாங்கத்தான் முடியாது. அதற்காக மட்டும் பயப்பட வேண்டாம். (எனக்கு வியாபாரம் பிடிக்கவில்லை என்பதற்காகத் தவறான பயத்தைக் கிளப்பிவிட மாட்டேன்.)

---

சார்ல்ஸ்டவுன் வாத்தியார்:

நெய்தல்காரன், இன்னும் அவருக்கு ஆசை விடவில்லை என்றால் இரண்டே காரியம். அந்த ஏஜென்ட் பெயர் குடியுரிமைப் பிரிவின் அரசு இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். துபாயில் இருக்கும் பலர் வெறும் ஆள்பிடிப்பவர்கள், விண்ணப்பத்தை உள்ளே கொடுக்க அங்கேயே உரிமம் பெற்ற முகவர் ஒருவர் வேண்டும். அவர் யார் என்று எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் கதை முடிந்தது.

அடுத்து, கட்டுவதற்கு முன் ஒரு வாரம் போய் இருந்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடற்கரை ஹோட்டலில் மட்டும் தங்காமல், பாஸ்டேரில் நடுவில் பச்சைக் கடிகாரம் நிற்கும் 'சர்க்கஸ்' என்ற ரவுண்டானா பக்கம் நடந்து, படகு ஏறி நீவிஸுக்கும் போய் வரட்டும், முக்கால் மணி நேரப் பயணம். எதிர் இருக்கையில் உட்காருபவரிடம் பேச்சுக் கொடுத்தால் போதும், குடியுரிமைத் திட்டத்தைப் பற்றிக் கையேட்டில் இல்லாத அத்தனையும் சார்ல்ஸ்டவுன் வருவதற்குள் சொல்லிவிடுவார்.

---

நெய்தல்காரன்:

முகவர் பெயரைக் கேட்டு வாட்ஸ்அப் அனுப்பியாயிற்று. நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது, பதில் இல்லை.